வீட்டு வைஃபையைப் பூட்டுவது எப்படி: மூன்று தடவை பாஸ்வேர்டு மாற்றியும் ஏமாந்தவன் எழுதுவது

மதுரையில் நாங்கள் குடிவந்த வீட்டில் ஃபைபர் கனெக்ஷன் ஏற்கெனவே இருந்தது. முன்பு குடியிருந்தவர்கள் வைஃபை தரும் ரவுட்டர் பெட்டியைச் சுவரிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். லைன்மேன் வந்து என் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, வைஃபை பாஸ்வேர்டாக என் செல்போன் நம்பரையே போட்டு, "மறக்கவே மறக்காது சார்" என்று சொல்லிப் போனார். மூன்றாவது மாதம் டேட்டா 20ஆம் தேதிக்கே தீர்ந்து வேகம் படுத்துவிட்டது. ஆபீஸ் மீட்டிங்கில் நான் பாதி வாய் திறந்தபடி உறைந்து நின்றதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். பாஸ்வேர்டை மாற்றினேன், இரண்டு நாள் ஜோராக ஓடியது, அப்புறம் பழைய கதை. இப்படி மூன்று தடவை. நான் வாசல் கதவுக்குப் பூட்டு மேல் பூட்டாக மாற்றிக்கொண்டிருந்தேன், கொல்லைக் கதவு திறந்தே கிடந்தது.

உங்களுக்கும் அதே அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்தால் இரண்டு மணி நேரம். செலவு பெரும்பாலும் ஒன்றுமில்லை; பெட்டி ரொம்பப் பழசாக இருந்தால் மட்டும் புது ரவுட்டர் வாங்க வேண்டி வரும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நாள் பார்த்துச் செய்யுங்கள். வார நாளில், முற்பகலில், கரண்ட் போகாத நேரமாக. நான் சனிக்கிழமை ராத்திரி 11 மணிக்கு உட்கார்ந்தேன். ஏதோ ஒன்றைத் தட்டி லைன் போய்விட்டது, லைன்மேன் வந்தது திங்கள்கிழமை மத்தியானம்.

1. பெட்டியைத் தொடுமுன் கையில் இருக்க வேண்டியவை

கனெக்ஷன் யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வாடகை வீட்டுக்காரர்கள் பலர், "பழைய ஆள் பெயரிலேயே ஓடட்டும், ரீசார்ஜ் மட்டும் பண்ணிக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். வேண்டாம். ஓடிபி எல்லாம் அவர் போனுக்குப் போகும், கஸ்டமர் கேரில் உங்கள் பேச்சு எடுபடாது, நாளைக்கு உங்கள் லைனில் யாராவது வில்லங்கம் செய்தால் அவர் மாட்டுவார். உங்கள் பெயரில் இருந்தால் நீங்கள். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் வந்த மிரட்டல் மின்னஞ்சல் நவி மும்பையில் ஒருவருடைய பூட்டாத வைஃபை வழியாகத்தான் போயிருந்தது. போலீஸ் முதலில் போய் நின்றது அவர் வீட்டு வாசலில்.

பெயர் மாற்ற என்னிடம் கேட்டவை: ஆதார் நகல், ஒரு போட்டோ, வாடகை ஒப்பந்தம், பழைய வாடிக்கையாளரின் போனுக்கு வரும் ஓடிபி. கடைசியாகச் சொன்னதுதான் சிக்கல், பழைய ஆள் போனை எடுக்க வேண்டுமே. அவர் கிடைக்கவில்லை என்றால் மல்லுக்கட்டாமல் புதுக் கனெக்ஷன் போட்டுவிடுங்கள், அது இதைவிடச் சீக்கிரம் முடியும். என்னிடம் பெயர் மாற்றத்துக்கு 500 ரூபாய் கேட்டார்கள். ரசீது கேட்டேன், அந்த 500 ரூபாய்ப் பேச்சே காணாமல் போனது. நீங்களும் ரசீது கேளுங்கள்.

அடுத்து, ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்:

கஸ்டமர் ஐடி, பதிவு செய்த மொபைல் நம்பர், கஸ்டமர் கேர் எண். அப்புறம் மிக முக்கியமாக பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டு. பெயர் வாயில் நுழையாது, ஆனால் உங்கள் பெட்டி கம்பெனியோடு பேசி இன்டர்நெட்டைக் கொண்டுவரும் சாவி பல கம்பெனிகளில் அதுதான். இது வைஃபை பாஸ்வேர்டு இல்லை, வேறு. எல்லாக் கம்பெனியிலும் இது இருக்காது. இருக்கிறதா என்று கஸ்டமர் கேரில் கேட்டால் சொல்வார்கள். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார்" என்றால் விடாதீர்கள், எஸ்எம்எஸ்ஸில் அனுப்பச் சொல்லுங்கள். கூடவே 'விலேன் ஐடி' என்று ஒரு எண் இருந்தால் அதையும்.

பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளை போட்டோ எடுத்து வையுங்கள். பெட்டியையும் கம்ப்யூட்டரையும் நேராக இணைக்கும் லேன் கேபிள் ஒன்று இருந்தால் நல்லது, கம்ப்யூட்டர் கடையில் 100, 150 ரூபாய். வைஃபை செட்டிங்கை வைஃபையில் இருந்தபடியே மாற்றினால் நடுவில் அறுந்துகொண்டே இருக்கும்.

பெட்டிக்குப் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ரீசெட் ஓட்டை இருக்கும். மேலே சொன்ன தாள் இல்லாமல் அதில் ஊசியை விடாதீர்கள். பத்து நொடி அழுத்தினால் பிபிபிஓஇ உட்பட எல்லாம் அழிந்துவிடும்; அதே பெட்டியில் லேண்ட்லைன் போனும் வருகிறது என்றால் அதன் செட்டிங்கும் போகும், அதை நீங்களாகத் திரும்பப் போட முடியாது. நான் சனிக்கிழமை ராத்திரி செய்தது இதுதான். ஒரு சின்ன உதவிக் குறிப்பு: 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் கேபிள் பிரச்சினை, 'பான்' விளக்கு அசையாமல் பச்சையாக எரிந்தும் இன்டர்நெட் வரவில்லை என்றால் பெரும்பாலும் செட்டிங் போயிருக்கிறது. கஸ்டமர் கேரில் இதைச் சொன்னால் பாதி கேள்வி குறையும்.

2. பெட்டிக்குள் நுழைவது

பிரவுசரில் மேலே முகவரி இடத்தில் 192.168.1.1 என்று அடியுங்கள். வரவில்லை என்றால் 192.168.0.1, இல்லாவிட்டால் லேபிளில் போட்டிருக்கும். போனில் செய்பவர்கள் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுச் செய்யுங்கள், இல்லையென்றால் போன் அந்த முகவரியை வெளியில் தேடிக்கொண்டு பேசாமல் நிற்கும். 'பாதுகாப்பற்ற பக்கம்' என்று பிரவுசர் மிரட்டலாம். உங்கள் வீட்டுப் பெட்டியைத்தான் திறக்கிறீர்கள் என்றால் தைரியமாகப் போகலாம். கூகுளில் இந்த எண்ணைத் தேடி, வரும் முதல் இணையதளத்தில் பாஸ்வேர்டு போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். தேடக் கூடாது. முகவரிக் கட்டத்தில் நேராக அடிக்க வேண்டும்.

யூசர்நேம், பாஸ்வேர்டு லேபிளில் இருக்கும். என் பெட்டியில் இரண்டும் 'அட்மின்'. நம் ஊரில் பாதி வீடுகளில் இதுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். சில கம்பெனிகள் வாடிக்கையாளருக்கு அரைகுறை அனுமதிதான் தருகின்றன, பாதி மெனு தெரியாது. அப்படியென்றால் கஸ்டமர் கேரில் புகார் எண் வாங்கிக்கொண்டு, கீழே சொல்லும் ஒவ்வொன்றையும் அவர்களையே செய்யச் சொல்லுங்கள்.

உள்ளே போனதும் 'வேன்' (WAN, கம்பெனியிலிருந்து லைன் வரும் பக்கத்து செட்டிங்) என்ற பக்கத்தை ஒரு போட்டோ எடுங்கள். எதையும் மாற்றாதீர்கள், போட்டோ மட்டும்.

3. அட்மின் பாஸ்வேர்டு

இது வைஃபை பாஸ்வேர்டு இல்லை, பெட்டிக்கே உள்ள பாஸ்வேர்டு. பலர் வைஃபை பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு இதை விட்டுவிடுவார்கள். நானும் அப்படித்தான். வைஃபையில் ஒருமுறை உள்ளே வந்தவன் 'அட்மின், அட்மின்' என்று அடித்தால் உங்கள் பெட்டி அவன் கையில். 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது இப்படித்தான், அதன் கையில் இருந்தது கம்பெனிகள் போட்டு அனுப்பும் அறுபத்துச் சொச்சம் யூசர்நேம்-பாஸ்வேர்டு ஜோடிகள் மட்டுமே.

'சிஸ்டம்' அல்லது 'மேனேஜ்மென்ட்' மெனுவில் இருக்கும். மாற்றி, அந்தத் தாளில் எழுதுங்கள். பாஸ்வேர்டைத் தாளில் எழுதலாமா என்று கேட்பார்கள். வீட்டு பீரோவுக்குள் தாளைத் தேடி வருகிறவன் உங்கள் வைஃபைக்காக வரமாட்டான்.

4. வைஃபை பாஸ்வேர்டும் பூட்டின் வகையும்

செல்போன் நம்பரை ஏன் வைக்கக் கூடாது? பக்கத்தில் இருப்பவர் உங்கள் போன் வைஃபையில் சேரும் அந்த ஒரு கணத்துப் பேச்சைப் பிடித்து வைத்துக்கொண்டால் போதும். அப்புறம் தன் வீட்டில் சாவகாசமாக உட்கார்ந்து ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்க்கலாம், உங்கள் பெட்டிக்கு அது தெரியவே தெரியாது. நம் நாட்டு மொபைல் நம்பர்கள் 6, 7, 8, 9 என்ற நான்கில் ஒன்றில் தொடங்கும், மீதி ஒன்பது இலக்கம். ஆக மொத்தம் 400 கோடி. உயர்ரக கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்குப் பத்து லட்சத்துக்கு மேலேயே போட்டுப் பார்க்கும். பத்து லட்சம் என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள்: 4,000 நொடி, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். நம்பர் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த ஒரு மணி நேரமும் வேண்டாம்.

பாஸ்வேர்டு 8 எழுத்திலிருந்து 63 எழுத்து வரை வைக்கலாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள், முருங்கை, ஜன்னல், ரிக்ஷா, நாற்பது என்கிற மாதிரி. இதையே வைத்துவிடாதீர்கள். பிள்ளைகள் பெயர், பிறந்த வருடம், சாமி பெயரோடு 123, இதெல்லாம் முதல் நிமிடத்திலேயே போய்விடும்.

'செக்யூரிட்டி' என்ற இடத்தில் பூட்டின் வகை இருக்கும். டபிள்யூஇபி என்று இருந்தால் அது பூட்டே இல்லை, சில நிமிடங்களில் உடையும். 'டிகேஐபி' என்பதும் வேண்டாம். குறைந்தபட்சம் டபிள்யூபிஏ2, அதோடு 'ஏஇஎஸ்'. டபிள்யூபிஏ3 இருந்தால் அதுதான் நல்லது. மேலே சொன்ன மாதிரி பிடித்துக்கொண்டு போய் வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்க்கும் வேலை அதில் நடக்காது. ஆனால் வீட்டில் பழைய பிரின்டரோ டிவியோ இருந்தால் டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்ததும் அவை சேராமல் அடம்பிடிக்கும். அப்போது இரண்டும் கலந்த மோடு வையுங்கள். என் வீட்டு பிரின்டருக்காக நான் கலந்த மோடில்தான் இருக்கிறேன்.

ஒரு பெரிய பொறி இங்கே இருக்கிறது. பெட்டியில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு வைஃபை இருக்கும், பல பெட்டிகளில் இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம், தனித்தனிப் பாஸ்வேர்டு. ஒன்றில் மட்டும் மாற்றினால் இன்னொன்று பழைய பாஸ்வேர்டிலேயே ஓடிக்கொண்டிருக்கும். என் முதல் தடவை இப்படித்தான் வீணாகப் போனது. இரண்டையும் திறந்து பாருங்கள்.

வைஃபை பெயரை மறைத்து வைப்பது, சாதனங்களின் மேக் முகவரியை (ஒவ்வொன்றுக்கும் உள்ள அடையாள எண்) பட்டியலிட்டு அனுமதிப்பது, இவற்றில் நேரம் செலவழிக்க வேண்டாம். இரண்டுமே காற்றில் பகிரங்கமாகப் போகிற விவரங்கள், கேட்கத் தெரிந்தவனுக்குக் கேட்கும். பெயரில் மட்டும் உங்கள் வீட்டு எண்ணையோ ரவுட்டர் மாடலையோ போடாதீர்கள்.

5. டபிள்யூபிஎஸ்: என் கொல்லைக் கதவு

பெட்டியில் ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால் பாஸ்வேர்டு இல்லாமலேயே பிரின்டர் சேர்ந்துவிடும். அதன் பெயர் டபிள்யூபிஎஸ். பொத்தானில் பெரிய ஆபத்து இல்லை. அதோடு ஒட்டி வரும் 8 இலக்க பின் நம்பரில்தான் இருக்கிறது. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி என்று தோன்றும், ஆனால் கடைசி இலக்கம் மற்ற ஏழையும் வைத்துக் கணக்கிட்டு வருவது. அதுவும் போக, பெட்டி அந்த எண்ணை இரண்டு பாதியாகச் சோதிக்கிறது: முதல் நான்கு சரியா இல்லையா என்று முதலிலேயே சொல்லிவிடுகிறது. ஆக 10,000 முயற்சி, அப்புறம் 1,000 முயற்சி, மொத்தம் 11,000தான். ஒரு முயற்சிக்கு 3 நொடி என்றால் ஒன்பது மணி நேரம், ராத்திரி ஓடவிட்டுத் தூங்கினால் காலையில் தயார். 2011 டிசம்பரிலேயே இது வெளியே வந்துவிட்டது. இன்னும் பல பழைய பெட்டிகளில் திறந்தே கிடக்கிறது. சில மாடல்களில் எல்லாப் பெட்டிக்கும் ஒரே பின், சிலவற்றில் மேக் முகவரியிலிருந்தே கணக்கிட்டுவிடலாம், அதற்கென்றே ஆப்கள் வந்தன.

முக்கியமாக, பின் தெரிந்தவனுக்கு நீங்கள் புதிதாக வைக்கும் பாஸ்வேர்டு ஒவ்வொன்றையும் பெட்டியே எடுத்துக் கொடுத்துவிடும். நீங்கள் எத்தனை தடவை மாற்றினாலும்.

இதை நான் அணைத்த மூன்றாம் நாள் மாடியில் தங்கியிருக்கும் கல்லூரிப் பையன் படியிறங்கி வந்தான். "அண்ணே, உங்க வைஃபை ரெண்டு நாளா வரலையே, ரிப்பேரா?" சுத்தமான முகம், ஒரு கள்ளமும் இல்லை. முன்பு இருந்தவர்கள் காலத்திலேயே அவனுடைய பழைய ஆண்ட்ராய்டு போனில் ஒரு ஆப் வழியாகச் சேர்ந்ததாம், அதைத் தட்டினால் போதுமாம், பாஸ்வேர்டெல்லாம் அவனுக்குத் தெரியாதாம். "யார் வீட்டு வைஃபைன்னே தெரியாதுண்ணே, மேல நல்லா எடுக்கும்." எனக்குக் கோபப்படவும் வரவில்லை.

'வைஃபை' அல்லது 'டபிள்யூலேன்' மெனுவில் டபிள்யூபிஎஸ் இருக்கும், அணையுங்கள், இரண்டு வைஃபைக்கும். அப்புறம் சரிபாருங்கள், ஏனென்றால் சில பழைய பெட்டிகளில் அணைத்ததாகக் காட்டிவிட்டு உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றைப் போட்டால் ஒவ்வொரு வைஃபை பெயருக்குக் கீழும் பூட்டின் வகை வரும், அங்கே டபிள்யூபிஎஸ் என்ற எழுத்து இன்னும் தெரிந்தால் அணையவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட பெட்டியை மாற்றச் சொல்லிக் கம்பெனியில் கேளுங்கள்.

6. விருந்தாளிகளுக்குத் தனி வைஃபை

வீட்டுக்கு வருகிறவர்கள் காபிக்கு முன் கேட்பது வைஃபை பாஸ்வேர்டுதான், இல்லை என்று சொல்ல முடியாது. 'கெஸ்ட் நெட்வொர்க்' என்று இருக்கும், அதைத் திறந்து தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு வையுங்கள், 'உள் நெட்வொர்க்கைப் பார்க்க அனுமதி' என்பதை எடுத்துவிடுங்கள். சிசிடிவி கேமரா, ஸ்மார்ட் டிவி, வைஃபை பல்பு எல்லாவற்றையும் இதிலேயே சேருங்கள், மலிவான கேமராவுக்கு யாரும் அப்டேட் அனுப்புவதில்லை. உங்கள் லேப்டாப்பும் போனும் மட்டும் முதன்மை வைஃபையில்.

வீட்டில் உள்ளவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: போனில் வைஃபையைப் பகிர க்யூஆர் கோடு வருமே, அதை ஸ்கேன் செய்கிறவருக்குப் பாஸ்வேர்டு முழுசாகப் போய்ச் சேரும், அவர் அதை இன்னொருவருக்குக் காட்டலாம். என் அத்தை சலவைக்காரர் மகன் வரை காட்டியிருந்தார். கெஸ்ட் வைஃபையின் க்யூஆரை அச்சிட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியபின் அந்தத் தொல்லை இல்லை.

7. வெளியிலிருந்து வரும் வழிகள்

இதுவரை சொன்னது காற்று வழியாக வருகிறவர்களுக்கு. கேபிள் வழியாக, ஊர் பேர் தெரியாத இடத்திலிருந்து வருகிறவர்களுக்கு மூன்று பக்கம் பாருங்கள்.

'ரிமோட் மேனேஜ்மென்ட்' அல்லது 'வேன் பக்க அனுமதி': அணையுங்கள். ஆனால் 'டிஆர்-069' என்று ஒன்று இருந்தால் அதைத் தொடாதீர்கள், கம்பெனி உங்கள் பெட்டிக்கு அப்டேட் அனுப்புவது அதன் வழியாகத்தான்.

'யூபிஎன்பி': இது இருந்தால் வீட்டிலுள்ள எந்தச் சாதனமும் உங்களைக் கேட்காமல் வெளியே ஒரு கதவைத் திறந்துகொள்ளும். அணைத்துப் பாருங்கள். ஆன்லைன் கேம் ஆடும் பிள்ளைகள் இருந்தால் அரை மணி நேரத்தில் புகார் வரும், வந்தால் அப்போது யோசிக்கலாம்.

'டிஎன்எஸ்': நீங்கள் அடிக்கும் இணையதளப் பெயருக்கு வழி சொல்லும் இடம் இது. ஒன்று 'தானாக' என்று இருக்க வேண்டும், அல்லது 8.8.8.8, 1.1.1.1, 9.9.9.9 மாதிரி அறிந்த எண்ணாக இருக்க வேண்டும். நீங்கள் போடாத எண் ஏதாவது இருந்தால், கஸ்டமர் கேரில் அது அவர்களுடையதா என்று கேளுங்கள். இல்லை என்றால் யாரோ உள்ளே வந்து போயிருக்கிறார், நீங்கள் பேங்க் பெயரை அடித்தால் அவர் காட்டும் இடத்துக்குப் போவீர்கள். அப்போது ரீசெட்தான் வழி, தாளைக் கையில் வைத்துக்கொண்டு.

அப்டேட்டும் இந்தக் கணக்கில்தான் சேரும். சொந்த ரவுட்டர் என்றால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்களே போய்ப் பார்க்க வேண்டும். அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பெட்டி செத்துவிடலாம், இன்வெர்ட்டர் இருக்கும் பிளக்கில் போடுங்கள். போனையும் அப்டேட் செய்யுங்கள். 2017இல் டபிள்யூபிஏ2விலேயே ஒரு ஓட்டை கண்டுபிடித்தார்கள், அதற்கு மருந்து முக்கியமாக வந்தது போன்களுக்கும் லேப்டாப்களுக்கும்தான்.

8. யார் யார் உள்ளே இருக்கிறார்கள்

எல்லாம் முடிந்தபின் 'கனெக்ட்டட் டிவைசஸ்' பட்டியலைப் பாருங்கள். பதறாதீர்கள். ஆண்ட்ராய்டு 10, ஐபோனில் ஐஓஎஸ் 14 முதல், போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் மேக் முகவரியைக் காட்டுகின்றன, அதனால் உங்கள் போனே அந்நியன் மாதிரி தெரியும். நான் ஒரு மர்ம சாதனத்தை இரண்டு முறை தடை செய்தேன், இரண்டு முறையும் என் மனைவியின் போன் அறுந்தது. சரியான வழி: வீட்டிலுள்ள ஒவ்வொன்றையும் ஒன்றொன்றாக வைஃபையிலிருந்து எடுத்து, பட்டியலில் எது மறைகிறது என்று குறித்துக்கொள்வது. எல்லாவற்றையும் எடுத்தபின்னும், பட்டியலைப் பார்க்கும் உங்கள் சாதனம் போக ஒன்று மிச்சமிருந்தால் அதுதான் ஆள்.

9. புது ரவுட்டர் எப்போது

டபிள்யூபிஏ2கூட இல்லாத பெட்டி, டபிள்யூபிஎஸ் அணையாத பெட்டி, அப்டேட் நின்றுபோன பெட்டி, இந்த மூன்றுக்கு மட்டும். முதலில் கம்பெனியிடமே மாற்றித்தரக் கேளுங்கள், வாடகைப் பெட்டி என்றால் இலவசமாக மாற்றிக் கொடுக்க வாய்ப்பு உண்டு. சொந்தமாக வாங்குவதானால் டபிள்யூபிஏ3 உள்ள வைஃபை 6 ரவுட்டர் 2,000 முதல் 4,000 ரூபாய்க்குள் கிடைக்கும், வீட்டுக்கு அதற்கு மேல் தேவையில்லை. ஃபைபர் லைனுக்கு ஃபைபர் பெட்டி அப்படியே இருக்க வேண்டும், அதன் பின்னால்தான் உங்கள் ரவுட்டர். பழைய பெட்டியை 'பிரிட்ஜ் மோடில்', அதாவது லைனை அப்படியே கடத்திவிடும் வேலை மட்டும் செய்யும்படி, போட்டுத் தரச் சொல்லுங்கள், பிபிபிஓஇ விவரம் இப்போது புது ரவுட்டரில் போகும். பிரிட்ஜ் மோடு மறுத்தால், பழைய பெட்டியின் வைஃபையையாவது முழுக்க அணைத்துவிடுங்கள். புது ரவுட்டருக்கு இத்தனையும் செய்து, பழசு லேபிள் பாஸ்வேர்டோடு பக்கத்திலேயே ஒளிபரப்பிக்கொண்டிருந்தால் காசுக்குக் கேடு.

யாராவது ஏமாற்றி உங்கள் பேங்க் கணக்கிலிருந்து ஏற்கெனவே பணம் போயிருந்தால், இந்த வேலையெல்லாம் அப்புறம், முதலில் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு தூரம் பணத்தை நடுவழியில் நிறுத்த முடியும். வங்கிக்கும் தகவல் சொல்லி, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிந்து, எண்ணைக் குறித்து வையுங்கள். ரவுட்டரை அவசரப்பட்டு ரீசெட் செய்ய வேண்டாம். சாதனப் பட்டியல், டிஎன்எஸ் பக்கம், நடந்ததைப் பெட்டி குறித்து வைக்கும் லாக் பக்கம் மூன்றையும் தேதி தெரியும்படி போட்டோ எடுத்தபின் செய்யுங்கள்.

வீடு காலி செய்யும்போது பெட்டியை அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள், எனக்கு முன்னால் இருந்தவர்கள் செய்த மாதிரி. அப்போதுதான் ரீசெட் ஓட்டையில் ஊசியை விட வேண்டும். பத்து நொடி. அப்புறம் கம்பெனியில் திருப்பிக் கொடுத்து, பெட்டியின் சீரியல் நம்பர் எழுதிய ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். டெபாசிட் கட்டியிருந்தால் அந்த ரசீது இல்லாமல் பணம் வராது.